அநாதைச் சிறுமியும் அதிபரும் - 'ஆன்னி'யும் அதற்கு முந்தைய குழந்தை நட்சத்திரப் படங்களும்

அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. சுருட்டை முடி. கையில் காசு கிடையாது, ஆனால் வாயைத் திறந்தால் பாட்டு. கண்டிப்பான ஒரு விடுதியில் இருந்து ஒரு பணக்காரரின் மாளிகைக்குப் போகிறாள், போன இடத்தில் அந்த மனிதரின் கல் மனதைக் கரைத்து விடுகிறாள். இந்தக் கதையைச் சொல்லி இது எந்தப் படம் என்று ஒரு அமெரிக்கக் குடும்பத்தில் கேட்டால், பாட்டி ஷெர்லி டெம்பிள் படம் என்பார். பேத்தி 'ஆன்னி' என்பாள். இரண்டுமே சரியான விடைதான்.

1977ல் பிராட்வே மேடையில் ஏறி, 1982ல் ஜான் ஹூஸ்டன் இயக்கத்தில் திரைப்படமாக வந்த 'ஆன்னி'யை, ஷெர்லி டெம்பிள் படங்களின் வண்ணப் பதிப்பு என்று சொல்லி விட்டுப் போவது பலருக்கும் வழக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய கேள்வி எழுகிறது. அநாதைக் குழந்தைக்கு யார் பொறுப்பு? நல்ல மனம் படைத்த ஒரு பணக்காரரா, அல்லது அரசாங்கமா? அமெரிக்கா இந்தக் கேள்வியோடு நூறு வருடங்களுக்கு மேல் மல்லுக் கட்டியிருக்கிறது. அந்த மல்லுக்கட்டின் தழும்புகள் இந்தப் பாட்டுப் படங்களில் அப்படியே இருக்கின்றன.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து ஆரம்பிக்க வேண்டும். 1854 முதல் 1929 வரை, நியூயார்க் போன்ற கிழக்குக் கடற்கரை நகரங்களில் ஆதரவற்றுத் திரிந்த குழந்தைகளை ரயிலில் ஏற்றி, மேற்கே விவசாயக் குடும்பங்களுக்கு அனுப்பி வைக்கும் ஏற்பாடு இருந்தது. 'அநாதை ரயில்கள்' என்றே அவற்றுக்குப் பெயர். சார்லஸ் லோரிங் பிரேஸ் என்ற பாதிரியார் நிறுவிய சங்கம் தொடங்கி வைத்தது. சுமார் 2 லட்சம் குழந்தைகள் இப்படிப் போனதாகக் கணக்கு. ரயில் நின்ற ஊர்களில் குழந்தைகளை வரிசையாக நிற்க வைப்பார்கள், ஊர்க்காரர்கள் வந்து பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொண்டு போவார்கள். சிலருக்கு நல்ல வீடு கிடைத்தது, சிலருக்குச் சம்பளம் இல்லாத வேலை கிடைத்தது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், இந்தக் குழந்தைகளில் பலர் உண்மையில் அநாதைகளே இல்லை. தாயோ தந்தையோ உயிரோடு இருப்பார்கள், சோறு போட வழியிருக்காது. இருபதாம் நூற்றாண்டின் அநாதை விடுதிகளிலும் இதே நிலைதான். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தார்கள். வறுமை ஒன்றை மட்டுமே காரணமாக வைத்துக் குழந்தையைத் தாயிடம் இருந்து பிரிக்கக் கூடாது என்று 1909ல் வெள்ளை மாளிகையில் ஒரு மாநாடே நடந்தது. அதைச் செயலாக்கும் மத்திய அரசு உதவித் திட்டம் வர 1935 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மௌனப் படக் காலத்தில் இந்த அநாதைக் குழந்தையைத் திரையில் காட்டியவர் ஒரு குழந்தையே அல்ல என்பது ஒரு வேடிக்கை. மேரி பிக்ஃபோர்ட் 'பாலியானா' (1920) படத்தில் சிறுமியாக நடித்தபோது அவருக்கு வயது 27. 'ஸ்பாரோஸ்' (1926) படத்தில் அநாதைக் குழந்தைகளைக் கூட்டிக் கொண்டு முதலைகள் நிறைந்த சதுப்பு நிலத்தைத் தாண்டியபோது முப்பதைத் தாண்டியிருந்தார். நாற்காலி மேசைகளைப் பெரிதாகச் செய்து வைத்து அவரைச் சின்னவராகக் காட்டினார்கள். ஆனால் பிக்ஃபோர்டுக்கு அந்த வாழ்க்கை தெரியாததல்ல. சிறு வயதிலேயே தந்தையை இழந்து, நாடக மேடையில் நடித்துக் குடும்பத்தைத் தாங்கிய பெண் அவர்.

உண்மையான குழந்தை ஒன்று உலக நட்சத்திரமானது 1921ல். சாப்ளினின் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன். படத்தைப் பார்த்தவர்கள் அந்த லாரிக் காட்சியை மறக்க மாட்டார்கள். அநாதை விடுதி அதிகாரிகள் பையனைப் பிடித்து லாரியில் போட்டுக் கொண்டு போகிறார்கள். அவன் கைகளை நீட்டிக் கதறுகிறான், சாப்ளின் கூரை கூரையாகத் தாவி ஓடி வருகிறார். ஏழு வயதில் லண்டனின் லாம்பெத் ஏழையர் இல்லத்தில் விடப்பட்டவர் சாப்ளின். அந்தக் காட்சியில் அரசாங்கம் என்பது குழந்தையைப் பிடித்துப் போக வருகிற ஆள். அவ்வளவுதான். குழந்தையைக் காப்பாற்றுகிறவனோ தானே நாளைக்கு எங்கே படுப்பது என்று தெரியாத ஒரு நாடோடி. பணக்காரரும் இல்லை, அரசும் இல்லை, ஏழைக்கு ஏழைதான் துணை. பிற்கால அநாதைப் படங்களில் இந்த எண்ணம் அநேகமாகக் காணாமல் போய் விட்டது. நஷ்டம்தான்.

1929ல் பங்குச் சந்தை சரிந்தது. 1933ல் அமெரிக்காவில் நான்கு தொழிலாளர்களில் ஒருவருக்கு வேலை இல்லை. இந்த இருட்டில்தான் ஷெர்லி டெம்பிள் வருகிறார். 1928 ஏப்ரல் 23ல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் பிறந்தவர். அவரைப் பிரபலமாக்கிய 'ஸ்டாண்ட் அப் அண்ட் சியர்' (1934) படத்தின் கதையே பொருளாதார மந்தம் பற்றியது. மக்கள் சோர்ந்து போயிருக்கிறார்கள், ஆகவே அதிபர் கேளிக்கைக்கென்று ஒரு தனி இலாகா அமைத்து ஒரு மந்திரியையும் போடுகிறார்! சோற்றுக்கு வழியில்லாதவர்களுக்கு ஆடலும் பாடலும் போதும் என்கிற அந்தக் கற்பனையை இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாது. ஆனால் படம் ஓடியது. 1935 முதல் 1938 வரை தொடர்ந்து நான்கு வருடங்கள் அமெரிக்கத் திரையரங்குகளில் அதிகம் வசூல் தரும் நட்சத்திரம் என்ற முதலிடம் இந்தச் சிறுமிக்குத்தான். கிளார்க் கேபிள் எல்லாம் அவருக்குப் பின்னால்தான். தடுமாறிக் கொண்டிருந்த ஃபாக்ஸ் நிறுவனம் அவர் தோளில் நின்றது. வயதில் ஒன்றைக் குறைத்து விளம்பரம் செய்தார்கள். தலையில் 56 சுருள்கள் இருக்கும்படி தாயார் தினமும் சுருட்டி விட்டார் என்பது பிரசித்தம்.

நம்மூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1937ல் கே. சுப்ரமணியம் இயக்கிய 'பாலயோகினி'யில் நடித்த பேபி சரோஜாவை 'இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்' என்றுதான் அழைத்தார்கள். அந்தப் படத்துக்குப் பிறகு பிறந்த எத்தனையோ பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயர் வைத்தார்களாம். ஆனால் 'பாலயோகினி' விதவைகளின் நிலை, சாதி வித்தியாசம் என்று நேரடியாகச் சமூகத்தோடு மோதிய படம். டெம்பிள் படங்கள் அந்த அளவுக்கு யாரோடும் மோதவில்லை.

டெம்பிள் நடித்த படங்களின் பட்டியலைப் பார்த்தால் பெற்றோர் பிழைத்திருக்கும் படங்களைத் தேட வேண்டியிருக்கும். 'லிட்டில் மிஸ் மார்க்கர்' (1934) படத்தில் தந்தை குதிரைப் பந்தயத்துக்காக மகளையே அடகு வைத்து விட்டுப் போய்த் தற்கொலை செய்து கொள்கிறார். 'பிரைட் ஐஸ்' (1934) படத்தில் விமானியான தந்தை முன்பே இறந்து விட்டார். பணக்காரர் வீட்டில் வேலை செய்யும் தாய், கிறிஸ்துமஸ் அன்று கேக்கை எடுத்துக் கொண்டு வரும்போது கார் மோதி இறக்கிறார். 'ஸ்டோஅவே' (1936), 'லிட்டில் மிஸ் பிராட்வே' (1938), 'சுசன்னா ஆஃப் தி மவுண்டீஸ்' (1939) எல்லாவற்றிலும் அநாதை.

'ஆன்னி'க்கு மிகவும் நெருங்கியது 'கர்லி டாப்' (1935). அநாதை விடுதியில் எலிசபெத் என்ற சிறுமி, கூடவே அவள் அக்கா மேரி. விடுதிக்குள்ளேயே ஒரு குட்டிக் குதிரையும் வாத்தும் வேறு வளர்க்கிறாள். மேற்பார்வையாளர் கடுகடுப்பானவர். விடுதியைப் பார்வையிட வரும் அறங்காவலர்களில் ஒருவரான எட்வர்ட் மார்கன் இளம் பணக்காரர். அவர் சிறுமியிடம் மனதைப் பறிகொடுத்து இரண்டு பேரையும் தத்தெடுக்கிறார். ஆனால் தன் பெயரில் இல்லை. 'ஹைரம் ஜோன்ஸ்' என்ற கற்பனை மனிதர் ஒருவர் பணம் கொடுப்பதாகச் சொல்லித் தத்தெடுக்கிறார். முடிவில் அக்காவையே கல்யாணம் செய்து கொள்கிறார். ஜீன் வெப்ஸ்டர் 1912ல் எழுதிய 'டாடி லாங் லெக்ஸ்' நாவலின் சாயல் இது. அதை மேரி பிக்ஃபோர்டும் 1919ல் படமாக்கியிருந்தார். தரும காரியம் செய்கிறவர் முகத்தை மறைத்துக் கொண்டு செய்கிறார், வாங்குகிறவள் நன்றிக் கடிதம் எழுதுகிறாள், கடைசியில் அந்தத் தருமமே காதலாகி விடுகிறது. 1935ம் வருடத்துக்கு இது ரொம்பவே சௌகரியமான கதை. நாடு முழுக்க விடுதிகள் நிரம்பி வழிந்த நேரத்தில், அதற்குத் தீர்வாக ஒரே ஒரு மார்கன் வந்தால் போதும் என்கிறது படம். எலிசபெத்தும் மேரியும் போன பிறகு அந்த விடுதியில் மிச்சமிருந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அவர்களை அழைத்து ஒரு தரும நிகழ்ச்சி நடத்துவதோடு படத்தின் கடமை முடிந்து விடுகிறது.

டெம்பிள் படங்களைக் குறை சொல்வது சுலபம். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'தி லிட்டில் கர்னல்' (1935) படத்தில் பில் ராபின்சன் என்ற கறுப்பின நடனக் கலைஞரின் கையைப் பிடித்துக் கொண்டு அவர் மாடிப்படியில் ஆடிய நடனம், அந்தக் காலத்து ஹாலிவுட்டில் யாரும் துணியாத ஒன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அந்தக் காட்சியை வெட்டி விட்டுத்தான் காட்டினார்கள். ராபின்சனுக்குக் கதையில் கிடைத்தது வேலைக்காரர் வேடம்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி ஆன்னி. இவள் பிறந்தது மேடையிலோ திரையிலோ அல்ல, செய்தித்தாளில். ஹரால்ட் கிரே என்ற ஓவியர் 1924 ஆகஸ்ட் 5ல் நியூயார்க் டெய்லி நியூஸ் பத்திரிகையில் 'லிட்டில் ஆர்ஃபன் ஆன்னி' என்ற படக்கதைத் தொடரை ஆரம்பித்தார். பெயர் ஜேம்ஸ் விட்கோம்ப் ரைலியின் 1885ம் வருடத்துக் கவிதை ஒன்றில் இருந்து வந்தது. கண்மணி இல்லாத வெற்று வட்டக் கண்கள், சிவப்பு உடை, சாண்டி என்ற நாய். அவளை வளர்க்கும் கோடீஸ்வரர் பெயர் வார்பக்ஸ். போர் என்ற சொல்லையும் டாலர் என்ற சொல்லையும் ஒட்ட வைத்த பெயர். முதல் உலகப் போரில் ஆயுதம் விற்றுச் சம்பாதித்தவர் என்பதை ஒளிவுமறைவு இல்லாமல் பெயரிலேயே வைத்திருந்தார் கிரே. 1930களில் வானொலித் தொடராகவும் வந்தது. நம் வீடுகளில் இருந்த அதே ஓவல்டின்தான் அதற்கு விளம்பரதாரர். டப்பாவின் மூடி முத்திரையை அனுப்பினால் சங்கேதச் செய்தியைப் படிக்கிற ஒரு பேட்ஜ் வரும். 1932லும் 1938லும் இரண்டு படங்களும் வந்தன, யாரும் பெரிதாகக் கண்டு கொள்ளவில்லை.

இங்கேதான் சுவாரசியமான விஷயம் இருக்கிறது. ஹரால்ட் கிரேவுக்கு ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைக் கண்டாலே ஆகாது. ரூஸ்வெல்ட்டின் 'நியூ டீல்' நிவாரணத் திட்டங்கள், தொழிற்சங்கங்கள், வரிகள் எல்லாமே உழைத்து முன்னேறும் மனிதனுக்கு எதிரி என்பது அவர் கட்சி. அநாதைக்கு அரசு உதவி தேவையில்லை, அவளுடைய தைரியமும் ஒரு நல்ல முதலாளியின் கருணையும் போதும் என்று தினமும் படம் வரைந்து சொன்னார். இடதுசாரிப் பத்திரிகைகள் அவரைக் கடுமையாகத் திட்டின. 1944ல் வார்பக்ஸையே சாகடித்து விட்டார் கிரே. இந்தக் காலத்தில் இப்படிப்பட்ட மனிதர்களுக்கு இடமில்லை என்பது அதன் அர்த்தம். 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்தார். அதன் பிறகு வார்பக்ஸ் உயிரோடு திரும்பி வந்தார்! ஊரில் இப்போது காற்று மாறியிருக்கிறது என்று ஜாடையாக ஒரு வசனம் வேறு.

கிரே 1968ல் காலமானார். 1971ல் மார்ட்டின் சார்னின் என்ற நாடகக்காரர், கிறிஸ்துமஸுக்கு நண்பர் ஒருவருக்குக் கொடுக்க ஆன்னி படக்கதைகளின் தொகுப்பு ஒன்றை வாங்கினார். கொடுப்பதற்கு முன் தானே படித்துப் பார்த்தார், அதோடு மாட்டிக் கொண்டார். இசைக்குச் சார்லஸ் ஸ்ட்ரௌஸ், கதை வசனத்துக்குத் தாமஸ் மீஹன், பாடல் வரிகளும் இயக்கமும் சார்னின். மூவருக்கும் கிரேவின் அரசியலில் துளியும் உடன்பாடில்லை. வியட்நாம், வாட்டர்கேட், திவாலாகும் விளிம்பில் நியூயார்க் நகரம் என்று ஊரே நொந்து போயிருந்த 1970கள் அது. அவர்கள் செய்த காரியம் துணிச்சலானது. படக்கதையில் இருந்து ஆன்னி, வார்பக்ஸ், சாண்டி மூன்று பேரை மட்டும் எடுத்துக் கொண்டு, கதையை 1933 டிசம்பர் நியூயார்க்கில் வைத்தார்கள். மேடையில் முழுக்க முழுக்க மந்தகாலம். வீடிழந்தவர்கள் தகரக் கொட்டகையில் இருந்து கொண்டு முன்னாள் அதிபர் ஹூவருக்கு நன்றி சொல்லி நக்கலாகப் பாடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வார்பக்ஸோடு வெள்ளை மாளிகைக்குப் போகும் ஆன்னி, ரூஸ்வெல்ட்டின் மந்திரி சபைக்கு முன்னால் நாளை பற்றிய அந்தப் புகழ்பெற்ற பாட்டைப் பாடுகிறாள். மந்திரிகளும் சேர்ந்து பாடுகிறார்கள், அதில் இருந்து நியூ டீல் பிறக்கிறது. 1933 டிசம்பருக்குள் நியூ டீலின் முக்கியச் சட்டங்கள் பல நிறைவேறியாகி விட்டன என்று சரித்திர மாணவர்கள் முணுமுணுக்கலாம். ஆனால் நியூ டீலை எதிர்க்கவே வாழ்ந்தவரின் கதாநாயகியை நியூ டீலுக்கே தாயாக்கி விட்டார்களே, அதுதான் விசேஷம். கிரே உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யூகிக்க அதிக மூளை தேவையில்லை.

1977 ஏப்ரல் 21ல் அரங்கேறிய நாடகம் 1983 ஜனவரி 2 வரை 2,377 காட்சிகள் ஓடியது, 7 டோனி விருதுகள் வாங்கியது. இன்னொரு தகவலும் இங்கே முக்கியம். 1976ல் கனெக்டிகட் மாநிலத்தில் முதலில் வெள்ளோட்டம் விட்டபோது ஆன்னியாக நடித்த சிறுமி கிறிஸ்டன் விகார்டை, இந்தப் பாத்திரத்துக்கு மென்மை அதிகம் என்று மாற்றி விட்டார்கள். கூட நடித்த அநாதைகளில் அடாவடிச் சிறுமியாக வந்த ஆண்ட்ரியா மெக்ஆர்டலை ஆன்னியாக்கினார்கள். ஷெர்லி டெம்பிளுக்கும் ஆன்னிக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு முடிவிலேயே இருக்கிறது. டெம்பிள் கேட்பார், கொஞ்சுவார், உதட்டைப் பிதுக்குவார். ஆன்னி பேரம் பேசுவாள், ஓடிப் போவாள், தேவைப்பட்டால் குத்து விடுவாள்.

வேலை விஷயத்திலும் பாருங்கள். 'கர்லி டாப்' விடுதியில் பாட்டு சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. 'ஆன்னி' விடுதியில் பாட்டு நடுராத்திரியில், வாளியும் துடைப்பமுமாகத் தரையைத் தேய்த்துக் கொண்டே நடக்கிறது. மேற்பார்வையாளர் மிஸ் ஹான்னிகன் குடிகாரி. மேடையில் டோரத்தி லௌடனும் படத்தில் கேரல் பர்னெட்டும் இந்த வேடத்தில் வெளுத்துக் கட்டினார்கள். 1934 ஜூலைக்குப் பிறகு கறாராக அமலான ஹாலிவுட் தணிக்கை விதிகளின் காலத்தில், குழந்தைகளைப் பார்த்துக் கொள்கிறவளை இப்படிக் குளியல் தொட்டியில் சாராயம் காய்ச்சும் பெண்ணாகக் காட்டுவதை நினைத்துக் கூடப் பார்த்திருக்க முடியாது.

ஆனால் எல்லாவற்றையும் விட ஆழமான வித்தியாசம் வேறொன்று. டெம்பிள் படங்களில் பெற்றோர் இறப்பது கதையின் தொடக்கத்திலேயே முடிந்து போகிற காரியம். ஒரு அழுகைக் காட்சி, அதற்கப்புறம் பாட்டு. ஆன்னியோ தான் அநாதை என்பதையே ஒப்புக்கொள்ளவில்லை. கழுத்தில் பாதி லாக்கெட், திரும்பி வந்து கூட்டிப் போவோம் என்று பெற்றோர் எழுதி வைத்து விட்டுப் போன சீட்டு. பதினொரு வருடமாகக் காத்திருக்கிறாள். கோடீஸ்வரர் தத்தெடுக்க முன்வரும்போது அவள் அதற்குச் சந்தோஷப்படவில்லை, அப்பா அம்மா வேண்டும் என்று அழுகிறாள். அவர் இவளுக்காக வானொலியில் பரிசு அறிவித்துத் தேடுகிறார். பெற்றோர் முன்பே இறந்து விட்டார்கள் என்ற செய்தி வருவது கடைசியில்தான். அன்றைய விடுதிகளில் இருந்த நிஜக் குழந்தைகளில் பெரும்பாலோர் இப்படி யாருக்காகவோ காத்திருந்தவர்கள் என்பதை நினைத்தால், இந்தப் பாதி லாக்கெட் டெம்பிளின் எல்லாக் கண்ணீரையும் விட உண்மையானது. (போலிப் பெற்றோராக வருகிற பெண் தன் பெயர் ஷெர்லி என்று சொல்லிக் கொள்கிறாள். தற்செயலா, கிண்டலா, பார்ப்பவர்கள் தீர்மானித்துக் கொள்ள வேண்டியதுதான்.)

இவ்வளவு நல்ல கூர்மையை 1982 படம் கொஞ்சம் மழுங்கடித்து விட்டது. உரிமைக்கே கொலம்பியா நிறுவனம் 95 லட்சம் டாலர் கொடுத்தது, அன்றைக்கு அது சாதனை விலை. இயக்குநரோ எழுபத்தைந்து வயதில் முதல் முறையாக இசைப் படம் எடுக்கும் ஜான் ஹூஸ்டன். ஹூவரைக் கிண்டல் செய்யும் பாட்டைத் தூக்கி விட்டார்கள். தகரக் கொட்டகைகளும் அதோடு போயின. வார்பக்ஸ் மீது குண்டு வீசும் போல்ஷ்விக் ஒருவன் உள்ளே வந்தான். தூக்கிய பாலத்தின் உச்சியில் தொங்கும் ஆன்னியைப் பறக்கும் வண்டியில் இருந்து காப்பாற்றும் சாகசக் காட்சியும் வந்தது. எல்லோரும் சேர்ந்து படம் பார்க்கப் போகிறார்கள், ரேடியோ சிட்டி அரங்கில் கிரேட்டா கார்போவின் 'கமீல்'. அது 1936ல் வந்த படம் என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஆல்பர்ட் ஃபின்னியின் வார்பக்ஸுக்காகவும் ஐலீன் குவின்னின் குரலுக்காகவும் படத்தை மன்னிக்கலாம். ரூஸ்வெல்ட் முன்னால் பாடும்போது, அவரோடு கொள்கையில் ஒத்துப்போகாத வார்பக்ஸும் வேண்டா வெறுப்பாகச் சேர்ந்து பாட வேண்டி வருகிற காட்சி, நாடகத்தின் மொத்த அரசியலையும் இரண்டு நிமிடத்தில் சொல்லி விடும்.

அதிபர் என்றதும் ஒன்று நினைவுக்கு வர வேண்டும். அநாதைச் சிறுமி நாட்டை ஆள்பவரைப் போய்ப் பார்ப்பது 'ஆன்னி' கண்டுபிடித்தது அல்ல. 'தி லிட்டிலஸ்ட் ரெபல்' (1935) படத்தில் தாயை இழந்த டெம்பிள், மரண தண்டனை பெற்ற தந்தைக்காக ஆபிரகாம் லிங்கனைப் பார்க்கப் போகிறார். லிங்கன் ஆப்பிளை நறுக்கிக் கொடுத்துக் கொண்டே கதை கேட்டு மன்னிப்பு வழங்குகிறார். 'தி லிட்டில் பிரின்சஸ்' (1939) படத்தில் மருத்துவமனையில் விக்டோரியா மகாராணியையே சந்திக்கிறார். பர்னெட் எழுதிய மூல நாவலில் சாராவின் தந்தை இறந்து விடுகிறார், மகாராணியும் கிடையாது. படத்தில் தந்தை பிழைத்து விடுகிறார். இந்த இரண்டிலும் குழந்தை கேட்பது தன் அப்பாவை மட்டும். ராஜாவிடம் முறையிட்டு நீதி பெறுகிற பழைய கதைகளின் பாணி. ஆன்னி ரூஸ்வெல்ட்டிடம் தனக்காக எதையும் கேட்கவில்லை. அவளுடைய பாட்டுக்குப் பதிலாகக் கிடைப்பது வேலையில்லாத முன்பின் தெரியாத மனிதர்களுக்கான ஒரு திட்டம். விடுதித் தோழிகளும் கதையின் முடிவில் ஹான்னிகனிடம் இருந்து விடுபடுகிறார்கள். 'கர்லி டாப்' பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு நாற்பது வருடம் கழித்து வந்த பதில் என்று இதைச் சொல்லலாம். அது பாதிப் பதில்தான். ஏனென்றால் ஆன்னி கடைசியில் போய்ச் சேர்வது கோடீஸ்வரர் வீட்டில்தானே! கிரேவை மூவரும் சேர்ந்து எவ்வளவு துரத்தினாலும் அவர் பின்வாசல் வழியாக உள்ளே வந்து விட்டார்.

மாறாத இன்னொன்றும் உண்டு, அது இந்தியர்கள் கண்ணில் படாமல் போகாது. 'தி லிட்டில் பிரின்சஸ்' படத்தில் ராம் தாஸ் என்ற இந்திய வேலைக்காரர். நடித்தவர் சீசர் ரொமேரோ. 'வீ வில்லி விங்கி' (1937) முழுக்க பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடக்கிறது, ஜான் ஃபோர்டு எடுத்தது கலிஃபோர்னியாவில். ஆன்னி படக்கதையில் 1935ல் 'பஞ்சாப்' என்ற தலைப்பாகைக்காரர் வருகிறார், மந்திரம் தெரிந்தவர், வார்பக்ஸின் காவலாள். மேடை நாடகம் அவரை விட்டு விட்டது. 1982 படம் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டு வந்து, டிரினிடாடில் பிறந்த ஜெஃப்ரி ஹோல்டருக்குக் கொடுத்தது. ஒரு மாகாணத்தின் பெயரையே மனிதனின் பெயராக வைக்கிற அலட்சியம் ஐம்பது வருடத்தில் மாறவில்லை.

திரைக்கு வெளியே நடந்த கதைதான் எல்லாவற்றிலும் கசப்பானது. திரையில் பணக்காரர் குழந்தையைத் தாங்குகிறார். நிஜத்தில் குழந்தை பெரியவர்களைத் தாங்கியது. ஜாக்கி கூகன் பத்து வயதுக்குள் லட்சக்கணக்கில் சம்பாதித்த பையன். 1924ல் அண்மைக் கிழக்கின் நிஜ அநாதைக் குழந்தைகளுக்காக உணவும் உடையும் திரட்டி ஐரோப்பாவுக்குக் கப்பலில் போய் வந்தவன். 1935ல் கார் விபத்தில் தந்தை இறந்தார். வளர்ந்த பிறகு பணத்தைக் கேட்டபோது தாயும் மாற்றாந் தந்தையும் கொடுக்க மறுத்தார்கள். 1938ல் சொந்தத் தாய் மீதே வழக்குப் போட்டார். முப்பது நாற்பது லட்சம் டாலர் இருக்கும் என்று மதிப்பிடப்பட்ட சம்பாத்தியத்தில் அவருக்குக் கிடைத்தது சுமார் 1,26,000 டாலர். இதனால் கலிஃபோர்னியா 1939ல் குழந்தை நடிகர்களின் வருமானத்தில் ஒரு பங்கைத் தனியாகச் சேமிக்க வழி செய்யும் 'கூகன் சட்டம்' கொண்டு வந்தது. சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன.

ஷெர்லி டெம்பிள் 1988ல் எழுதிய சுயசரிதையில் தன் கணக்கையும் சொல்லியிருக்கிறார். ஆரம்பக் காலக் குறும்படங்களில், சொன்னபடி கேட்காத குழந்தைகளை ஒரு கறுப்பு அறைக்குள், உட்கார ஐஸ் கட்டி மட்டும் வைத்து அடைத்தார்களாம். வயது அப்போது நான்கைந்து. சம்பாதித்தது சுமார் 32 லட்சம் டாலர், வளர்ந்து கணக்குப் பார்த்தபோது மிஞ்சியிருந்தது சுமார் 44,000. கட்ட வேண்டிய பணத்தை வங்கியில் பணியாற்றியிருந்த தந்தையே அறக்கட்டளையில் கட்டவில்லை. அவர் மீது தனக்குக் கோபம் இல்லை என்று எழுதியிருக்கிறார் டெம்பிள். அவர் பிற்பாடு கானாவிலும் செக்கோஸ்லோவாகியாவிலும் அமெரிக்கத் தூதராக இருந்தார். தாமதமாகக் கிடைத்த வாழ்க்கையை நன்றாகவே வாழ்ந்தார். குழந்தை நடிகரின் வருமானம் குழந்தைக்கே சொந்தம், அதில் 15 சதவிகிதம் கட்டாயம் ஒதுக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாச் சட்டம் தெளிவாகத் திருத்தப்பட்டு 2000ல்தான் அமலுக்கு வந்தது. கூகன் இறந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது.

படக்கதை ஆன்னி 2010 ஜூன் 13 வரை வந்து கொண்டிருந்தாள். வாங்கும் பத்திரிகைகள் குறைந்து போனதால், ஒரு வில்லன் அவளைக் கடத்திக் கொண்டு போன கட்டத்திலேயே, கதையை முடிக்காமல் தொடரை நிறுத்தி விட்டார்கள். 2014 பிப்ரவரி 10ல் ஷெர்லி டெம்பிள் தன் 85வது வயதில் காலமானார். அதே வருட டிசம்பரில் குவென்சானே வாலிஸ் நடித்த புது 'ஆன்னி' படம் வந்தது. அதில் அநாதை விடுதி இல்லை, அரசுப் பணம் வாங்கிக் கொண்டு குழந்தைகளை வைத்திருக்கும் வளர்ப்பு வீடு. வார்பக்ஸுக்குப் பதில் மேயர் தேர்தலில் நிற்கும் செல்போன் முதலாளி. ரூஸ்வெல்ட் ஒரு வகுப்பறையில் ஆன்னி ஒப்பிக்கும் பாடமாக மட்டும் வந்து போகிறார். கடத்தப்பட்ட படக்கதை ஆன்னியை, அதே 2014ல் இன்னொரு படக்கதைத் தொடரின் துப்பறிவாளரான டிக் டிரேசி தேடிக் கண்டுபிடித்து வார்பக்ஸிடம் ஒப்படைத்தார்.